ஏலக்காரருக்கு இரண்டு குரல்

ஏலக்காரர் வீட்டு முன்னறையில் அந்த ஆண் குரல் எழுந்தபோது அவர் மனைவி ஐஸ்காரி அடுக்களையில் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். பாதி உரித்த முட்டை கை நழுவிப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் விழுந்தது. விழாமல் என்ன செய்யும்? அந்த வீட்டில் இருக்கிற ஒரே ஆம்பளைக்குக் குரல்வளையை எடுத்துப் பல மாதமாகிவிட்டது.

"அன்புள்ள மனைவிக்கு," என்றது குரல். "தேநீர் மிகவும் சூடாக உள்ளது. ஆகவே சிறிது பால் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

ஈரக்கையோடு முன்னறைக்கு ஓடி வந்தாள். வெள்ளைக் கம்ப்யூட்டர் ஒன்றின் முன்னால் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தார். தட்டி முடித்த விரல் இன்னும் அந்தரத்திலேயே நின்றது. மகள் அவர் நாற்காலிக்குப் பின்னால் வாயில் கை வைத்தபடி நின்றாள். ஐஸ்காரியின் தம்பி சுவரோரம் சாய்ந்திருந்தான். கம்ப்யூட்டர் கடைக்காரர் மட்டும் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யாருடி இவன்?" என்று மகளிடம் கேட்டாள்.

"அப்பாதாம்மா."

"உங்கப்பா என்னிக்குடி என்கிட்டக் கேட்டுக்கொண்டாரு?"

அது நியாயமான கேள்விதான். ஏலக்காரருக்கு எழுத்து என்றால் கடிதம். பள்ளிக்கூடத்தில் அவர் கற்றுக்கொண்டு வந்ததே அது ஒன்றுதான். எழுத உட்கார்ந்தால் அன்புள்ள என்று தொடங்க வேண்டும், கேட்டுக்கொள்கிறேன் என்று முடிக்க வேண்டும். பேசுகிறபடி எழுதினால் காதைத் திருகுவார்கள் என்று அவருடைய விரலுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. தான் எழுதுவதைக் கம்ப்யூட்டர் பேசும் என்றதும் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டார். கழுத்தில் இருக்கிற ஓட்டை வழியாக மூச்சு விடுகிறவர் டீயை ஊதிக் குடிக்க முடியாது. ஆகவே பால் கேட்டது மட்டும் நிஜம்.

அவர் எப்படிப் பேசியவர் என்று சொல்லிவிட வேண்டும். துறைமுகத்து மீன் ஏலக்கூடத்தில் விடிவதற்கு முன்பே அவர் குரல் தொடங்கிவிடும். சூரை, கணவாய் என்று கூடை கூடையாகக் கொட்டக் கொட்ட, விலையை ஏற்றிக்கொண்டே போவார். நடுவில் ஒருவனைக் கிண்டல் செய்வார், ஒருவன் மாமியாரை விசாரிப்பார், கை தூக்கத் தயங்குகிறவனை நாலு வார்த்தை திட்டி இன்னொரு படி ஏற்றிவிடுவார். அவர் வாயில் அகப்பட்டுத் திட்டு வாங்கவே சில வியாபாரிகள் முன்வரிசையில் நிற்பார்கள். கூடத்து வாசலில் ஐஸ்காரி கட்டை ஐஸைச் சாக்கில் போட்டு மரச்சுத்தியால் உடைத்து விற்பாள். உள்ளேயிருந்து "என்னாடி" என்று ஒரு சத்தம் வரும். ஐஸ் கொண்டுவா என்பதற்கும் என்னாடிதான், சாப்பிட்டியா என்பதற்கும் என்னாடிதான். எது எந்த என்னாடி என்று அவளுக்குத் தெரியும். அவளும் சளைத்தவள் இல்லை. அவர்கள் சண்டை போட்டால் கூடமே ஏலத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கும்.

தொண்டையில் கட்டி என்றபோது டாக்டர் இரண்டு வழி சொன்னார். குரல்வளையை எடுத்துவிடலாம். இல்லையென்றால் மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது. "எடுக்கறது வேணாம். குரல் போச்சுன்னா நான் எதுக்கு?" என்றார் ஏலக்காரர். மனைவி பக்கத்திலேயே இருந்தாள். கதிர்வீச்சு நடந்தது. அது முடிந்து வேலைக்குத் திரும்பிய கொஞ்ச நாளில், ஒரு காலை ஏலத்தின் நடுவில் மூச்சு அடைத்துச் சூரைக் கூடைகளுக்கு மேலேயே விழுந்தார். ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தவரை விட்டுவிட்டு டாக்டர் வெளியே வந்து இவளைக் கேட்டார். குழாய் வைத்து இப்போதைக்குச் சமாளிக்கலாம், ஆனால் கட்டி திரும்பவும் வளர்ந்திருக்கிறது, மொத்தமாக எடுத்தால்தான் பிழைப்பார், கண் திறக்கும் வரை காத்திருக்க நேரமில்லை. அவர் வேண்டாம் என்று சொன்னது அவள் காதில் இருக்கத்தான் இருந்தது. "எடுத்துடுங்க," என்றாள்.

கண் விழித்தவர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு ஒரு சிலேட்டு வந்தது. அதில் தண்ணீர், வலி, போதும் என்று ஒற்றை ஒற்றை வார்த்தையாக எழுதினார். ஐஸ்காரிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இரண்டு வார்த்தைக்கு மேல் போனால் மகளைக் கூப்பிட வேண்டும். புருஷன் பெண்டாட்டி விவகாரத்தை மகளை வைத்துப் படிக்கச் சொல்கிற அளவுக்கு அவர் கூறுகெட்டவர் இல்லை. கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றையும் ஆஸ்பத்திரியில் கொடுத்துப் பார்த்தார்கள். டப்பாவுக்குள் மாட்டிய வண்டு மாதிரிச் சத்தம் வந்தது, தூக்கி எறிந்துவிட்டார். போனில் தட்டலாம் என்றால் உப்பில் ஊறித் தடித்த விரலுக்கு ஒரே தட்டில் நாலு எழுத்து விழுந்தது. கப்பல் அலுவலகத்தில் டைப் அடிக்கும் வேலையில் இருக்கும் மகள்தான் கம்ப்யூட்டர் யோசனையைக் கொண்டுவந்தாள்.

கடைக்காரர் ஒன்றுக்கு இரண்டாகக் கொண்டுவந்திருந்தார். வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று.

"சனிக்கிழமை வரைக்கும் ரெண்டையும் வெச்சுப் பாருங்க. எது வேணாமோ அதை வந்து எடுத்துட்டுப் போறேன்," என்றார். "வெள்ளையில ஆம்பளைக் குரல். கேட்டீங்களே, நியூஸ் வாசிக்கற மாதிரி. ஆனா அதுக்குப் புத்தகத் தமிழ்தான் தெரியும். தெரியாத வார்த்தை வந்தா எழுத்து எழுத்தா உடைச்சுச் சொல்லும்."

"கறுப்புல?"

"கறுப்பு, எப்படி அடிச்சாலும் அப்படியே பேசும். ஆனா அதுல பொம்பளைக் குரல் மட்டுந்தான்."

ஐஸ்காரியின் தம்பி மீன்லாரி ஓட்டுகிறவன். எதற்கும் குறுக்குக் கேள்வி கேட்பதால் வக்கீல் என்று பெயர் வாங்கியவன். "அந்த ஆம்பளைக் குரலத் தூக்கி இந்தக் கறுப்புல போட்டா வேலை முடிஞ்சுதே," என்றான்.

"முடியாதுங்க. ரெண்டும் வேற வேற ஆப்பரேட்டிங் சிஸ்டம்."

"ரெண்டும் ஒரே கரண்ட்லதானே ஓடுது?"

"நீங்களும் உங்க மச்சானும் ஒரே சோத்தைத்தான் சாப்பிடறீங்க. உங்க குரலைத் தூக்கி அவருக்கு வைக்க முடியுமா?"

வக்கீல் அடங்கிப்போனான். அவன் அடங்கினதே அதிசயம் என்று மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ஏலக்காரர் தன் நாற்காலியைக் கறுப்புப் பெட்டிப் பக்கம் நகர்த்தி மெதுவாக எதையோ தட்டினார்.

"என்னாடி, முழிச்சுக்கிட்டு நிக்கற?" என்றது ஒரு இளம் பெண் குரல்.

சொல் அவருடையது. சொன்னது மகள் வயசுப் பெண் ஒருத்தி. தன் அம்மாவை யாரோ ஒரு சின்னப் பெண் வாடி போடி என்று பேசுவது போல இருந்தது மகளுக்கு. வக்கீல் வாசலை எட்டிப் பார்த்தான், தெருவில் யாருக்காவது கேட்டிருக்குமோ என்று. ஐஸ்காரி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அத நிறுத்துங்க," என்றாள். "வெள்ளையே இருக்கட்டும்."

"அக்கா சொல்றதுதான் சரி," என்றான் தம்பி. "மச்சான் சிங்கம் மாதிரி இருந்தவரு. இந்தக் குரலோட கூடத்துல போய் நின்னா சும்மா விடுவானுங்களா?"

ஏலக்காரர் மனைவியை மட்டும் பார்த்தார். பிறகு நாற்காலியை வெள்ளைக்கே நகர்த்திக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க அந்த வீடு மரியாதையில் மூழ்கிப்போனது. "அன்புள்ள மகளுக்கு, மின்விசிறியை நிறுத்தவும்." "அன்புள்ள மைத்துனருக்கு, தங்கள் லாரி நலமா?" வக்கீல் முதல் நாள் விழுந்து விழுந்து சிரித்தான். இரண்டாம் நாள் அவனையும் அறியாமல் கைகட்டிப் பதில் சொன்னான். மூன்றாம் நாள் அந்தப் பக்கமே வரவில்லை. மேலதிகாரியிடம் போய் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று வெளியில் சொன்னானாம். "அன்புள்ள" வேண்டாம், நேராகவே எழுதலாம் என்று மகள் எடுத்துச் சொன்னதும் அதை மட்டும் விட்டார். ஆனால் மீதி அப்படியே இருந்தது. கூடத்து ஆள் ஒருவன் பார்க்க வந்தபோது பழைய பழக்கத்தில் அவனுடைய தொப்பையைக் கிண்டல் செய்யப் பார்த்தார். "எ, ன், னா, டா," என்று எழுத்தெழுத்தாகக் கத்திவிட்டு நின்றது பெட்டி. வந்தவன் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து தண்ணீர் கொண்டுவரச் சொன்னான்.

ஐஸ்காரிக்கு மட்டும் அந்த வாரம் நிம்மதியாக இருந்தது. கறுப்புப் பெட்டியின் மேல் ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு மூடி வைத்தாள். கேட்டால் தூசு என்றாள். வீட்டில் வேறு எதற்கும் அவள் தூசுக்குப் பயந்து துணி போட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஐஸ் உடைக்கும் இடத்தில் மகள் கேட்டேவிட்டாள். வேலைக்குப் போகிற வழியில் அம்மாவுக்கு ரொட்டி கொடுக்க வந்தவள், சாக்கின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அப்பாக்கு எது பிடிச்சிருக்குன்னு கேட்டியா?"

"அவருதான் வெள்ளையில பேசறாரே."

"நீ சொன்ன, அதனால பேசறாரு. அது அப்பா மாதிரியா இருக்கு?"

"ஆம்பளைக்கு ஆம்பளைக் குரல். இதுல என்னா கேக்கறதுக்கு இருக்கு?" சுத்தியை ஓங்கிப் போட்டாள். ஐஸ் தூள் மகளின் செருப்பு வரை தெறித்தது.

"தெருவுல சிரிப்பாங்கன்னு பயப்படற ஆளா நீ? மீன் மார்க்கெட்டையே திட்டிட்டு வந்தவ நீ."

ஐஸ்காரி சுத்தியைக் கீழே வைத்தாள். குளிரில் விறைத்த கைகளைக் கக்கத்தில் சொருகிக்கொண்டாள்.

"அந்த வெள்ளையில அவரால என்னைத் திட்ட முடியாது," என்றாள்.

"எதுக்குத் திட்டப் போறாரு?"

"வேணாம்னு சொன்ன மனுசன் தொண்டைய வெட்டச் சொன்னது நான்தானே. அத அவரு இன்னும் கேக்கல. கேக்க வழி இல்லாம இருந்துச்சு. இப்ப நீ வழி பண்ணிக் குடுத்துட்ட."

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குரல் திரும்பி வந்தால் அம்மா சந்தோஷப்படுவாள் என்று ஊரெல்லாம் கடை தேடி அலைந்தவள் அவள். அம்மா இத்தனை மாதமாக அந்தக் குரலுக்கு நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். சாக்கின் முனையை அவள் விடவில்லை.

"அப்பா உயிரோட இருக்காரும்மா. அது தப்பா?"

"தப்பில்ல. ஆனா அவரு வாயால கேட்டா என்னால தாங்க முடியாது. புத்தகத் தமிழ்ல கேட்டார்னா வேற யாரோ கேக்கறான்னு நெனச்சுப்பேன். போ, உனக்கு நேரமாச்சு."

சனிக்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. படகு எதுவும் போகவில்லை. ஏலம் இல்லை, ஐஸுக்கும் வேலை இல்லை. ஐஸ்காரி வீட்டிலேயே இருந்தாள். கஞ்சி வைத்தாள். அவர் கழுத்தில் கட்டும் துணிகளைத் துவைத்து அடுப்புக்குப் பக்கத்தில் காயப் போட்டாள். மகள் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் மத்தியானத்துக்குள் வந்துவிடுவார்.

கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்பியபோது அவர் வெள்ளைப் பெட்டியில் எதையோ தட்டினார்.

"உ, க், கா, ரு," என்றது அந்தக் கம்பீரமான குரல். "உ, க், கா, ரு, டி."

அவள் உட்காரவில்லை. "கஞ்சி ஆறிடும், சாப்பிடுங்க," என்றாள்.

அவர் எழுந்தார். நேராகப் போய்க் கறுப்புப் பெட்டியின் மேல் கிடந்த விரிப்பைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டார். மகள் சீப்பை வைத்துவிட்டு எழுந்து வெளியே போகப் பார்த்தாள். அவர் கையைக் காட்டி அவளை இருக்கச் சொன்னார். பெட்டி உயிர் பெறும்வரை மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒற்றை விரல் தேடித் தேடித் தட்டியது.

"என்னாடி, இதுக்கு எதுக்கு முக்காடு? இதுக்கென்ன கல்யாணமா?"

ஐஸ்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக் கூடாது என்று நினைத்தும் வந்துவிட்டது. குரல் யாருடையதோ, ஆனால் அந்த நக்கல் வேறு யாருக்கும் வராது. அவர் செத்துப் பிழைத்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவரைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தாள். சிரித்தபடியே உட்கார்ந்துவிட்டாள், அதுதான் அவள் செய்த பிசகு.

அவர் மறுபடி தட்டத் தொடங்கினார். இந்த முறை நேரம் எடுத்தது.

"அன்னிக்கு டாக்டர்கிட்ட நான் என்னா சொன்னேன்?"

அவள் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்துபோனது. மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பெட்டிக்கு இதெல்லாம் தெரியாது. அது டீ வேண்டுமா என்று கேட்கிற இனிமையிலேயே கேட்டது.

"காது கேக்கலியா? என்னா சொன்னேன்?"

"வேணாம்னீங்க."

"நீ என்னா சொன்ன?"

"எடுத்துடுங்கன்னேன்."

"யாரக் கேட்டு?"

"நீங்க நினைவில்லாம கெடந்தீங்க. யாரப் போயிக் கேக்கறது?"

"நினைவு இருந்தப்பத்தான் சொல்லிட்டேனே."

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மழை தகரக் கூரையில் விடாமல் அடித்தது. அவர் நிறுத்தவில்லை. பல மாதமாக உள்ளேயே கிடந்து ஊறிய பேச்சு, ஒற்றை விரல் வழியாக எவ்வளவு வேகமாக வர முடியுமோ அவ்வளவு வேகமாக வந்தது.

"மீன் வாசனை தெரியல. ஊத முடியல. சிரிச்சா சத்தம் வரல. அழுதாலும் வரல. குளிக்கும்போது தண்ணி ஓட்டைக்குள்ள போயிடுமோன்னு சாகறேன். கூடத்துல எவனோ ஏலம் கூவறான், நான் கேட்டுக்கிட்டு வர்றேன். உனக்கு வீட்டுல ஒரு ஆளு உக்காந்திருக்கணும். அதுக்காக என்னை இப்படி ஆக்கிட்ட."

"அப்பா, போதும்பா," என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. இது எனக்கும் அவளுக்கும்." பிறகு விரல் நின்று, மறுபடி தட்டியது. "இப்பக் கேட்டாலும் வேணாம்னுதான் சொல்லுவேன்."

சொல்லி முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். நெஞ்சு ஏறி இறங்கியது, கழுத்துத் துணி உப்பி உப்பி அடங்கியது. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். காலில் விழுவாள் என்றுகூட நினைத்திருக்கலாம். இந்த நாளை அவர் அத்தனை தரம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தார்.

ஐஸ்காரி தலையை நிமிர்த்தினாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் கீழே விழவில்லை.

"இப்பக் கேட்டாலும் நான் எடுத்துடுங்கன்னுதான் சொல்லுவேன்," என்றாள். "எனக்கு வீட்டுல ஒரு ஆளு உக்காந்திருக்கணும். ஆமா. அதுக்குத்தான் சொன்னேன். உங்களுக்காகச் சொன்னேன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். நீங்க இல்லாத வீட்டுல என்னால இருக்க முடியாது. நீங்க திட்டுங்க, அடிங்க, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுக் கெடங்க. கெடக்கறதுக்கு இருக்கீங்க இல்ல, அது போதும் எனக்கு."

ஏலக்காரர் திகைத்துப்போய்விட்டார். வாய் தானாகத் திறந்தது. கூடத்தில் எத்தனையோ பேரை மடக்கிய வாய் அது. இப்போது விரலும் எழும்பவில்லை. மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இவர்கள் இரண்டு பேரும் தன்னைப் பெற்றவர்கள்தானா என்று அவளுக்கு அந்த நேரம் பயமாகவே இருந்தது.

கதவு தட்டப்பட்டது. குடையை வாசலிலேயே உதறி நிறுத்திவிட்டுக் கடைக்காரர் உள்ளே வந்தார். தரையில் கிடந்த விரிப்பையும் மூன்று முகங்களையும் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார்.

"நேரம் சரியில்லையோ? அப்புறமா வரட்டுமா?"

"இல்ல, வாங்க," என்று எழுந்தாள் ஐஸ்காரி. புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "வெள்ளைய எடுத்துக்கிட்டுப் போங்க."

"வெள்ளையா? அதுலதானே ஆம்பளைக் குரலு? நீங்கதானே அன்னிக்கு..."

"அது எங்க வீட்டு ஆளு இல்லீங்க. எடுத்துக்கிட்டுப் போங்க."

கடைக்காரர் ஏலக்காரரைப் பார்த்தார். அவர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் வயர்களைக் கழற்றிக் கொடுத்தாள். மழையில் நனையாமல் இருக்க வெள்ளைப் பெட்டியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக்கொண்டு கடைக்காரர் படியிறங்கினார்.

கதவைச் சாத்திவிட்டு ஐஸ்காரி கஞ்சிக் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஆறிப்போயிருந்தது. சூடு பண்ண எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அடுக்களைப் படியைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து அந்தப் பெண் குரல் கேட்டது.

"நான் இன்னும் முடிக்கல."

அவள் திரும்பி வந்தாள். கிண்ணத்தை மேஜை மேல் வைத்துவிட்டு, நாற்காலியை அவர் முட்டியோடு முட்டி இடிக்கிற அளவுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தெரியும்," என்றாள். "சொல்லுங்க."